அஞ்சே முக்கால் ஹாரன்

“ஏனுங்க கண்டக்டரு, உங்க பஸ்ஸு என்ற மாட்டு மடியக் கெடுத்துப் போட்டுதுங்க!”

செம்மநத்தத்தில் வண்டி நின்றதும் நிற்காததுமாக ஒரு பெண்பிள்ளை ஜன்னல் கம்பியைத் தட்டி இப்படிக் கத்தினால் எந்தக் கண்டக்டர்தான் சும்மா உட்கார்ந்திருப்பான்? மாட்டை இடித்துவிட்டோமோ என்று குதித்து இறங்கி முன் பம்பரைக் குனிந்து பார்த்தேன். சேறுதான் இருந்தது. “எங்கக்கா இடிச்சோம்?” என்றேன். “இடிச்சிருந்தாக்கூட மஞ்சப் பத்துப் போட்டு ஆத்திருப்பனுங்க. நீங்க நேரத்தயில்ல மாத்திப் போட்டீங்க!” என்றார்.

அதற்கு முன்பே நாலு வருஷமாக அந்த அக்காவை எனக்குத் தெரியும். பெயர் மட்டும் தெரியாது. டிக்கெட் கிழிக்கப் பெயர் எதற்கு? ஊரே அக்கா என்றது, நானும் அக்கா என்றேன். நாற்பது வயது இருக்கும். பென்சில் மாதிரி உடம்பு, எட்டு ஊருக்குக் கேட்கும் குரல். வீட்டுக்காரர் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் வேலை செய்தார். அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அக்கா இடம் விட்டால்தானே!

நான் சேலத்துக்காரன். எண்பதுகளின் நடுவில் ஏற்காட்டில் குடியிருந்துகொண்டு, செம்மநத்தம் போய்வரும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். காலையில் அஞ்சே முக்காலுக்கு ஊருக்குள் போவோம். மாலையிலும் அதே அஞ்சே முக்கால். இரண்டு நடையிலும் திரும்பும்போது பின் சீட்டு முழுக்கப் பால் கேன்கள் ஏறும், ஏற்காட்டு பால் சொசைட்டியில் இறக்குவோம். ஊருக்குக் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவு. அங்கே டிரைவர் அண்ணன் நீளமாக ஒரு ஹாரன் கொடுப்பார். ஊருக்கு அதுதான் மணி. ஹாரன் கேட்டதும் பெண்கள் மடி கழுவி உட்காருவார்கள். எங்கள் வண்டி முக்கி முனகி மேலே ஏறி, ஆட்களை ஏற்றி, திரும்பி நிற்பதற்குள் பால் கேனில் இருக்கும். மாடுகளுக்கே அந்த ஹாரன் பழகிவிட்டது, சத்தம் கேட்டால் காம்பில் தானாகச் சொட்டும் என்பார்கள். நான் நம்பவில்லை. மாட்டைப் பற்றி அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் டீயில் பால் இருக்க வேண்டும் என்பதுதான்.

அக்காவின் மாட்டுக் கட்டுத்தறி பஸ் திரும்புகிற இடத்துக்கு எதிரிலேயே இருந்தது. அதனால் தினமும் இரண்டு வேளை எனக்கு அந்தத் தரிசனம் உண்டு. வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்து நாலு காம்பையும் துடைப்பார். அதோடு அவருக்கு உலகம் நின்றுவிடும். ஒருநாள் அவருடைய சம்பந்தியே வந்து, “ஊட்ல ஆரும் இல்லீங்களா?” என்று வாசலில் நின்று கூவினார். அக்கா கறந்து முடித்து எழுந்த பிறகுதான், “வாங்க வாங்க” என்று ஓடி உபசாரம் செய்தார். அந்த மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார். “மடி கழுவியாச்சுன்னா ஒரு வெத்தல மெல்லுற நேரந்தானுங்க. அதுக்குள்ள பீச்சிப் போடோணும். உட்டா மாடு பால மேல இழுத்துக்குமுங்க, அப்பறம் கெஞ்சுனாலும் வராது” என்று எனக்கு விளக்கம் வேறு.

கறந்து முடித்ததும் மாட்டுக்கு முன்னால் ஒரு கட்டுப் பச்சைப்புல் போடுவார். அது பசிக்காக மட்டுமல்ல, மாடு உடனே படுத்துவிடாமல் நிற்பதற்காகவும்தான். காம்பின் வாய் மூட அரை மணி நேரம் ஆகுமாம். அதற்குள் சாணியில் படுத்தால் நோய் உள்ளே புகுந்துவிடுமாம். இதையெல்லாம் அவர் சொல்லும்போது நான் டிக்கெட் எண்ணிக்கொண்டே உம் கொட்டுவேன்.

ஒரு காலை நாங்கள் கால் மணி நேரம் முன்னதாகவே போய்விட்டோம். டிரைவர் அண்ணனுக்கு அன்று ஏதோ அவசரம். மற்ற பெண்கள் அரக்கப் பரக்கக் கறந்து கேனை ஏற்றிவிட்டார்கள். அக்கா மட்டும் இடுப்பில் கை வைத்து நின்றார். “இன்னும் நேரமாகலீங்க” என்றார். கைக்கடிகாரத்தைக் கழற்றியே காட்டினேன். “அது உங்களுக்குங்க” என்று திரும்பிக்கொண்டார். எனக்கு வந்தது ஆத்திரம். விசில் கொடுத்துக் கிளம்பிவிட்டோம். வழியில் எஸ்டேட் கேட்டில் காப்பி மூட்டை ஏற்ற நின்று, அப்புறம் கீழே மூன்றாவது வளைவில் திரும்புகிறோம், நடு ரோட்டில் அக்கா! காப்பிச் செடிகளுக்குள் குறுக்கு வழியில் இறங்கி ஓடி வந்திருக்கிறார். தலையில் கேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மூச்சு வாங்க ஏறி, “ஏற்காடு ஒண்ணுங்க” என்று சில்லறையை நீட்டினார். பஸ்ஸில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். எனக்கும் தட்டத் தோன்றியது, கண்டக்டர் ஆயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

சேர்வராயன் கோயில் திருவிழாவில் நடந்தது இன்னும் வேடிக்கை. அன்று மலைச் சனமெல்லாம் உச்சியில்தான் இருக்கும். வரிசையில் நின்று நின்று அக்காவின் முறை வருகிறது. சாமி இருக்கிற குகைக்குள் குனிந்து நுழைய வேண்டியதுதான் பாக்கி. வானத்தை ஒரு பார்வை பார்த்தார், விறுவிறுவென்று திரும்பி வந்து எங்கள் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். “ஏனக்கா, கும்புடலியா?” என்றேன். “நின்ன எடத்துலயே கும்புட்டுட்டனுங்க. ஊட்ல மாடு நிக்கறது சாமிக்குத் தெரியாதுங்களா?” என்றார்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் அந்தக் கட்டுத்தறியிலேயே நின்றது. அக்காவிடம் இரண்டு மாடுகள். இரண்டும் ஜெர்சி கலப்பு, தாயும் மகளும். தாய் மாட்டுக்கு மூன்று காம்பில்தான் பால். முன்பு ஒருமுறை கிளியூரில் அக்காவின் அண்ணன் வீட்டில் ஒரு சாவு. நாலு நாள் அங்கேயே இருக்கும்படி ஆனது. இங்கே வீட்டுக்காரர் நினைத்தபோது நினைத்தபடி கறந்திருக்கிறார். ஒருநாள் மத்தியானம், ஒருநாள் விளக்கு வைத்த பிறகு. அக்கா திரும்பி வந்தபோது ஒரு காம்பு கல்லாகிக் கிடந்தது. அதோடு அது போனதுதான். “மவளுக்காச்சும் நாலும் நாலா இருக்கோணுமுங்க” என்று அடிக்கடி சொல்வார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற கவலை மாதிரி அதைச் சொல்வார். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

அந்தக் கோடையில் எங்கள் முதலாளிக்கு ஒரு யோசனை உதித்தது. ஏற்காட்டு ஏரிக்குப் படகு சவாரி செய்ய வருகிற கூட்டம் மத்தியானத்தில் சும்மா சுற்றுகிறதே, அவர்களை ஏற்றிக்கொண்டு போய் மலையூர்களைக் காட்டினால் என்ன? மாலை நடையைத் தூக்கி மத்தியானம் இரண்டரைக்குப் போட்டார். காலை நடை அப்படியே இருந்தது. சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று எனக்குச் சந்தோஷம்தான்.

ஊர்ப் பெண்கள் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு, இரண்டரை மணி ஹாரனுக்கே மடி கழுவ ஆரம்பித்தார்கள். பஸ் வருகிற நேரம்தான் கறக்கிற நேரம் என்று அத்தனை வருஷத்தில் ஆகிப்போயிருந்தது. மத்தியானம் கறந்தால் மறுபடி விடிகாலையில்தான். ஒரு பக்கம் ஒன்பது மணி நேரம்கூட இல்லாத இடைவெளி, மறுபக்கம் பதினைந்துக்கு மேல். அக்கா ஒருத்தர்தான் மசியவில்லை. பழைய நேரத்துக்கே கறந்து, கேனைத் தலையில் வைத்துக்கொண்டு ஏற்காட்டுக்கு நடந்தார். சொசைட்டி மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று பாதி தூரம் ஓடினார்.

டிரைவர் அண்ணனிடம் வந்து, “ஏனுங்க, மத்தியானம் அந்த வளைவுல ஹாரன் அடிக்காதீங்க. என்ற மாடு பால எறக்கிப் போட்டு நிக்குது. பீச்ச நேரமாகலைன்னு அதுக்கு எப்படிச் சொல்றதுங்க? நொம்பப் பாவமுங்க” என்று கெஞ்சினார். ஹாரன் அடிக்காமல் கொண்டை ஊசியில் எப்படித் திரும்புவது? அண்ணன் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

ஒருநாள் முதலாளியே வண்டியில் வந்தார். அக்கா விடுவாரா? நேரே அவர் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். “மொதலாளி, நீங்க மெட்ராசு போறீங்கன்னு வெச்சுக்குங்க. பஸ்ஸு வழியில எங்கயும் நிக்காது. பதினஞ்சு மணி நேரம் ஒண்ணுக்குப் போவாம அடக்கிக்குவீங்களா?” பஸ் குலுங்கச் சிரித்தது. முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. “மனுசனுக்காகத்தான் பஸ் உடறேன், மாட்டுக்காக இல்ல” என்று எரிந்து விழுந்தார்.

ஒரு மாதம் ஆவதற்குள் ஊரில் சிரிப்பு அடங்கிவிட்டது. காலைப் பால் நிறைய வந்தது, ஆனால் தண்ணீர் மாதிரி இருந்தது. சொசைட்டியில் பரிசோதிக்கிறவர், “யாரும்மா தண்ணி ஊத்துனது?” என்று கேட்க, பெண்கள் சேர்வராயன் மேல் சத்தியம் செய்தார்கள். மத்தியானப் பாலோ கொஞ்சம், ஆனால் கெட்டி. ஒரே மாடு ஒரே நாளில் இரண்டு விதமாகக் கறந்தது! அப்புறம் ஒவ்வொரு வீடாக மடி வீங்க ஆரம்பித்தது. கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள், புண்ணாக்கை மாற்றினார்கள். “நேரம்ங்க, நேரம்!” என்று அக்கா வீடு வீடாகப் போய்க் கத்தினார். ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியில் ஏற்காட்டுக்கு நடந்து நடந்தே அக்கா படுத்துவிட்டார். மழையில் நனைந்து காய்ச்சல். நாலு நாள் எழுந்திருக்க முடியவில்லை. அடுத்த வீட்டுப் பெண் நல்ல மனசோடு வந்து மாடுகளைக் கறந்து கொடுத்தார், ஊர் வழக்கப்படி மத்தியான ஹாரனுக்கு. ஐந்தாம் நாள் அக்கா தட்டுத் தடுமாறிக் கட்டுத்தறிக்குப் போய் மகள் மாட்டின் இடது பின்காம்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். அன்றுதான் என் ஜன்னல் கம்பியைத் தட்டியது.

“நாங்க என்னக்கா பண்றது, முதலாளி சொன்ன நேரத்துக்கு ஓட்டறோம்” என்று வழக்கமான பாட்டைப் பாடினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். தரதரவென்று கட்டுத்தறிக்கு இழுத்துப்போய் என் கையை மடியில் வைத்தார். சுட்டது! காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரிச் சுட்டது. மாடு காலை உதறியது. அக்கா கறுப்பு முந்தானையை விரித்து அதில் இரண்டு பீச்சு பீச்சினார். பாலா அது? மஞ்சள் தண்ணீரும், திரி திரியாகக் கட்டியும். “இதும் போச்சுன்னா மவளும் மூணு காம்புங்க” என்றார். குரல் எழும்பவே இல்லை. எட்டு ஊருக்குக் கேட்கிற குரல் அப்படித் தாழ்ந்ததும் எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது.

மறுநாள் காலை ஏற்காட்டிலிருந்து மாட்டு டாக்டரை எங்கள் பஸ்ஸிலேயே கூட்டிப் போனேன். காம்புக்குள் மருந்து ஏற்றினார். “பால் உள்ள தங்கவே கூடாது. குணமாகிற வரைக்கும் அடிக்கடி பீச்சிக் கீழ ஊத்திடுங்க. அப்புறம் ரெண்டு வேளைக்கும் இடைவெளி சமமா இருக்கணும். இல்லைன்னா இந்தக் காம்பை மறந்துடுங்க” என்றார். சுற்றி நின்ற பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா ஒரு மாதமாகச் சொன்னதையேதான் டாக்டரும் சொன்னார். இப்போதுதான் எல்லோருக்கும் காது கேட்டது.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம். வளைவில் அண்ணன் ஹாரனைத் தொடவில்லை. டாக்டர் பேச்சை நான் சொல்லியிருந்தேன், அவருக்கும் மனசு கேட்கவில்லை. மெதுவாக ஊர்ந்து ஊருக்குள் நுழைந்தால், பஸ் திரும்புகிற இடம் முழுக்க மாடு! எட்டு மாடுகள், முளை அடித்துக் கட்டியிருக்கிறது. அந்த ஊரில் அந்த ஒரு இடத்தில்தான் பஸ் திரும்ப முடியும். மாடுகளுக்குப் பின்னால் பெண்கள், எல்லோருக்கும் முன்னால் அக்கா. ஒருத்தர் கையிலும் கேன் இல்லை.

“அவுத்துக் கட்டுங்கக்கா, வண்டி திரும்பணும்!” என்றேன்.

“அஞ்சே முக்காலுக்கு அவுக்கறமுங்க. பீச்ச இன்னும் நேரமிருக்குது.”

ஊர் பார்க்க வந்த நாலு பேர் இறங்கி மாடுகளைப் போட்டோ எடுக்க ஆரம்பித்தார்கள். மனசு கேட்கவில்லை என்றேனே, அந்த அண்ணனுக்கே இப்போது கோபம் தலைக்கேறிவிட்டது. ஹாரனை அழுத்தினார். விடாமல் அழுத்தினார்.

அப்போது நடந்ததை இன்றைக்குச் சொன்னாலும் எனக்குப் புல்லரிக்கிறது! எட்டு மாடும் ஒன்றாகக் காதைத் தூக்கின. அசை போடுவதை நிறுத்தின. முதலில் ஒரு மாட்டின் காம்பிலிருந்து ஒரு சொட்டு. அடுத்த மாட்டிலிருந்து ஒன்று. பிறகு எட்டிலும் சொட்டுச் சொட்டாகப் பால் செம்மண்ணில் இறங்கியது. யாரும் கையே வைக்கவில்லை! அண்ணன் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டார். போட்டோ எடுத்தவர் கேமராவை இறக்கிவிட்டார்.

“பாத்துக்குங்க” என்றார் அக்கா. “நாங்க கூப்புட்டா இப்புடி எறங்காதுங்க. நீங்க கூப்புட்டா எறங்குது. அப்பிடி இருக்கறப்போ கூப்புடற நேரத்துக்குக் கூப்புடோணுமில்லீங்களா?”

அண்ணன் இன்ஜினை அணைத்தார். மூன்று மணி நேரத்துக்கு மேல் அங்கேயே கிடந்தோம். ஊரார் எங்களுக்குக் காப்பி கொடுத்தார்கள். அந்தக் காப்பியைக் குடித்துக்கொண்டே நான் வாயை விட்டேன். அந்த மடியைத் தொட்டதிலிருந்தே விஷயம் மனசை உறுத்திக்கொண்டிருந்தது.

“அக்கா, பர்மிட்டுல இந்த நடை இன்னமும் அஞ்சே முக்கால்தான். நேரத்தை மாத்த முதலாளி அனுமதியே வாங்கலை. சேலத்துல ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எழுதிக் குடுத்தா கேப்பாங்க. நான் சொன்னேன்னு தெரிஞ்சா என் வேலை போயிரும். எனக்கு ரெண்டு பொண்ணுங்க.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “காப்பி ஆறுது, குடிங்க” என்றார்.

எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் மனு எழுதினார். பெண்கள் கையெழுத்தும் ரேகையும் வைத்தார்கள். அக்கா சேலம் போய்க் கொடுத்துவிட்டு மாலைக் கறவைக்குள் ஊர் திரும்பிவிட்டார், அதைச் சொல்லவும் வேண்டுமா? சில நாளில் விசாரிக்க ஒரு ஆபீஸர் வந்தார். முதலாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, “பர்மிட் விஷயமெல்லாம் உங்களுக்கு யாரும்மா சொன்னது?” என்று கேட்டார். நான் டிக்கெட் கட்டைப் புரட்டுவது போலப் பாசாங்கு செய்தேன். அக்கா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

“மாடு சொல்லுச்சுங்க.”

ஆபீஸர் சிரித்துவிட்டார். முதலாளி சிரிக்கவில்லை, ஆனால் மேற்கொண்டு கேட்க அவருக்கு வழியும் இல்லை.

பழைய நேரம் திரும்பிய முதல் நாள் மாலை. மருந்தை நிறுத்திச் சில நாட்கள் ஆகியிருந்தன. அந்தப் பின்காம்பில் அதுவரை வந்ததெல்லாம் நீர்தான். காம்பு பிழைக்குமா போகுமா என்று டாக்டரே கையை விரித்திருந்தார். வளைவில் அண்ணன் ஹாரன் கொடுத்தார். வண்டி நிற்பதற்குள் நான் குதித்து ஓடினேன். அக்கா மடியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல காம்பு மூன்றையும் முதலில் கறந்து முடித்தார். நோய்க் காம்பு எப்போதும் கடைசியில்தான். கையைத் துடைத்துக்கொண்டு அதைப் பிடித்தார். முதல் பீச்சு உள்ளங்கையில். வெளிறி இருந்தது. உதறிவிட்டார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது வெள்ளை! கட்டியில்லை, மஞ்சளில்லை, வெள்ளை வெளேரென்று பால்! அக்கா கையை என் பக்கம் நீட்டினார். அப்படியே மாட்டின் விலாவில் நெற்றியை வைத்து விம்மி விம்மி அழுதார்.

எனக்குப் பதறிவிட்டது. “அக்கா, அப்பறமா அழுவுங்க! மாடு இழுத்துக்கும்! பீச்சுங்கக்கா!”

“கையி நடுங்குதுங்க, நீங்க உக்காருங்க!”

நானா! காக்கிச் சட்டையும் தோளில் பையுமாக உட்கார்ந்தேன். அவர் என் விரல்களைப் பிடித்துக் காம்பில் வைத்தார். “இழுக்காதீங்க, மேல புடிச்சு அமுக்குங்க.” ஒன்றும் வரவில்லை. மாடு வாலால் என் முகத்தில் ஒன்று வைத்தது. இன்னொரு தடவை அமுக்கினேன். சர்ரென்று ஒரு கோடு, செம்பில் அல்ல, என் பேன்ட்டில்! பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் இறங்கி வந்து வேலியோரம் நின்று கூச்சல் போட்டார்கள். அவர்களைவிட உரக்க நான் கத்தினேன். “வருது! வருது!”

“எந்திரிங்க, எந்திரிங்க, மாட்டையே கெடுத்துப் போடுவீங்களாட்ட இருக்குது!” என்று அக்கா என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது, கை பாட்டுக்கு வேலை செய்தது. அந்தக் காம்பும் காலியாகும் வரை நாங்கள் அத்தனை பேரும் அசையாமல் நின்றோம். நான் விசிலை வாயில் வைக்கவே இல்லை.

ஏற்காடு போய்ச் சேரும்போது இருபது நிமிஷம் லேட். சொசைட்டிக்காரர் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, “என்னய்யா, மொத நாளே லேட்டா?” என்று கத்தினார். “நாலுங்க, நாலு!” என்று விரலைக் காட்டிக்கொண்டே நான் கேன்களை இறக்கினேன்.